தொட்டிலை யார் ஆட்டினார்கள்? – குழந்தை வளர்த்து, வேலைக்குத் திரும்பிய பெண்களின் வரலாறு

முன்னுரை

திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் வழியில், தாடிக்கொம்பை ஒட்டி இருக்கிறது அகரம் பேரூராட்சி. முத்தாலம்மன் கோயில் திருவிழாவால் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து வேடசந்தூர் வரையிலும் அதற்கு அப்பாலும் நூற்பாலைகள் நிறைய உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பெண்ணைப் பற்றி "இன்னும் மில்லுக்குப் போறாளா?" என்று கேட்டால், "புள்ள பொறந்ததும் நின்னுட்டா" என்று பதில் வரும். சென்னையிலோ பெங்களூரிலோ கணினி நிறுவனத்தில் இருந்த பெண் அதையே செய்தால் அதற்குப் பெயர் "கரியர் பிரேக்".

இரண்டும் ஒரே செயல்தான். ஆனால் சொற்களைக் கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். "பிரேக்" என்றால் இடைவேளை. அதற்குப் பிறகு படம் மீண்டும் ஓடும். "நின்னுட்டா" என்றால் அவ்வளவுதான், முடிந்தது. இடைவேளை யாருக்குக் கிடைத்தது, முற்றுப்புள்ளி யாருக்குக் கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

இந்த வரலாற்றைப் பெரும்பாலும் விடுப்புச் சட்டங்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள். எத்தனை வாரம், எத்தனை மாதம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் வேலைக்குத் திரும்பி வந்த பெண்களின் கதைகளைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விதான் முக்கியமாக இருக்கிறது. அவள் வேலையில் இருந்த நேரத்தில் குழந்தை யாரிடம் இருந்தது?

வயலும் தறியும்

தொழிற்சாலை வருவதற்கு முன் "வேலைக்குத் திரும்புதல்" என்ற பேச்சே பெரும்பாலான பெண்களுக்குக் கிடையாது. ஏனென்றால் அவர்கள் நீண்ட நாள் நிற்கவே இல்லை. களையெடுக்கப் போன தாய் வரப்போரத்து மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டாள். சின்னாளபட்டி போன்ற நெசவு ஊர்களில் வேலை வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணவன் தறியில் உட்கார, மனைவி நூல் சுற்றிக்கொண்டே குழந்தையையும் பார்த்துக்கொண்டாள்.

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. தூளியை ஆட்டியது பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண் பிள்ளை. தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த அந்தச் சிறுமிக்குத்தான் பள்ளிக்கூடம் போனது. தாய் வேலையில் இருக்க வேண்டுமானால் வேறு ஒருத்தி நிற்க வேண்டியிருந்தது. இந்த ஏற்பாடு பின்னால் வேறு வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வரும்.

ஆலை வந்தபோது வேலையும் வீடும் பிரிந்தன. நேரத்துக்குச் சங்கு ஊதியது. உள்ளே குழந்தையைக் கொண்டுபோக முடியாது. மதுரை, கோவை ஆலைகளில் ரீலிங் பிரிவில் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். குழந்தை பெற்ற பெண் தொழிலாளி என்ற "பிரச்சினை" அப்போதுதான் சட்டத்தின் கண்ணில் பட்டது.

சட்டம் எண்ணியது வாரங்களை மட்டும்

1919-ம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மகப்பேறு பாதுகாப்பு பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் விடுப்பு, வேலைக்குத் திரும்பியதும் பால் கொடுக்க இடையில் இரண்டு முறை அரை மணி நேரம் என்பது அதன் சாரம். இந்தியா இதில் சேரவில்லை. ஆனாலும் இங்கே மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் செய்தன. பம்பாய் மாகாணம் 1929-லும், சென்னை மாகாணம் 1934-லும் மகப்பேறு உதவிச் சட்டம் கொண்டுவந்தன.

விடுதலைக்குப் பிறகு வந்தவற்றில் மூன்று சட்டங்கள் முக்கியமானவை.

1. தொழிற்சாலைகள் சட்டம், 1948. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 1976-ல் இந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது.

2. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.), 1948. மகப்பேறு காலச் சம்பளத்தை ஒரு முதலாளியின் தலையில் மட்டும் போடாமல், எல்லோரிடமும் சந்தா வாங்கிப் பொது நிதியில் இருந்து கொடுத்தது.

3. மகப்பேறு நலச் சட்டம், 1961. நாடு முழுவதற்கும் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கக் கூடாது. திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளைகள்.

இவை பெரிய சாதனைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இவை எல்லாம் குழந்தை பெறுவதைக் கணக்கில் எடுத்தன. குழந்தை வளர்ப்பதைப் பெரும்பாலும் எடுக்கவில்லை. பன்னிரண்டு வாரத்தில் உடம்பு தேறலாம், குழந்தை வளர்ந்துவிடுமா? காப்பகம் மட்டும்தான் வளர்ப்பைப் பற்றிப் பேசியது. அதையும் பெண்களின் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டதால், முப்பதுக்குக் கீழே பெண்களை வைத்துக்கொண்டால் காப்பகம் தேவையில்லை என்ற ஓட்டையும் சட்டத்திலேயே இருந்தது.

மாலை விழுந்தால் வேலை போகும்

ஆலைத் தொழிலாளிக்கு இப்படி என்றால், மேல்மட்டத்தில் நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. அங்கே குழந்தை வரை போகவே தேவையில்லை, கல்யாணமே போதும்!

1951-ம் ஆண்டுத் தொகுதியில் சென்னை மாகாணத்துக்கு வந்த அன்னா ராஜம் ஜார்ஜ், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் ஒருவர். ஓசூரில் சப் கலெக்டராக இருந்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் அவருக்கு நியமன ஆணை வந்தது. பின்னர் அந்த விதி போனது.

வெளியுறவுத் துறையில் 1961-ம் ஆண்டு விதிகளின்படி ஒரு பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடையாகும் என்று அரசு நினைத்தால் திருமணத்துக்குப் பின் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி எதுவும் இல்லை. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி.முத்தம்மா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு அந்த விதியில் இருந்த பாகுபாட்டைக் கடுமையாகச் சாடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1981-ல், விமானப் பணிப்பெண் முதல் முறை கருவுற்றதும் வேலையை விட்டு நீக்கலாம் என்ற ஏர் இந்தியா விதியையும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. பிரிட்டனில் மணமான ஆசிரியைகளுக்கான தடை 1944-லும், அரசு ஊழியர்களுக்கான தடை 1946-லும்தான் நீங்கின. அயர்லாந்தின் அரசுப் பணியில் அது 1973 வரை இருந்தது. அமெரிக்காவில் இத்தகைய தடைகள் பெண்களின் வேலை வாழ்க்கையை எப்படி மாற்றின என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கிளாடியா கோல்டின். பெண்களின் உழைப்புச் சந்தை பற்றிய ஆய்வுகளுக்காக 2023-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கைக்குழந்தையோடு கிண்டிக்குப் போனவர்

கதவுகள் இப்படி அடைத்துக் கிடந்த காலத்திலும் ஒரு பெண் உள்ளே போனார். அவர் வேலையை விட்டுத் திரும்பியவர் அல்ல. குழந்தை பிறந்த பிறகு, நின்றுபோன வாழ்க்கையைப் படிப்பில் இருந்து மறுபடி தொடங்கியவர். பெயர் அ.லலிதா.

1919-ல் பிறந்த லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். 1937-ல் சியாமளா என்ற பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். அப்போது லலிதாவுக்கு வயது 18. அந்தக் காலத்தில் இளம் விதவைக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைப் படிக்க வைக்க முடிவு செய்தார்.

ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் எதைப் படிப்பது என்ற கேள்வி வந்தது. படித்த பெண்களுக்கு அன்று திறந்திருந்த வழி மருத்துவம். அதை லலிதா வேண்டாம் என்றார். டாக்டர் என்றால் நள்ளிரவிலும் எழுந்து ஓட வேண்டும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது முடியாது என்பது அவருடைய கணக்கு. நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பும் வேலை வேண்டும் என்று பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் உருவானதற்கு ஒரு காரணம் தொட்டிலில் கிடந்த குழந்தை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. முதல்வர் கே.சி.சாக்கோவும் கல்வித் துறை இயக்குநர் ஆர்.எம்.ஸ்டேதமும் ஆதரவு தந்ததால் இடம் கிடைத்தது. லலிதாவைத் தொடர்ந்து லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் "அவன்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகி இருந்தது. அதை அடித்துவிட்டு "அவள்" என்று கையால் திருத்தித் தந்தார்களாம்!

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி முடித்து, சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை பார்த்தார். 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்சாதனப் பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். 1979-ல் காலமானார்.

இவருடைய திறமையும் துணிச்சலும் பெரியவை. ஆனால் கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். அவர் விடுதியில் தங்கிப் படித்தபோது சியாமளா உறவினர் வீட்டில் வளர்ந்தாள். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் லலிதா தங்கியது அண்ணன் தம்பிகளின் குடும்பத்தோடு. தந்தைக்குக் கல்லூரியில் இருந்த செல்வாக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டுக் குடும்பமும் இருந்தன. இரண்டும் இல்லாத எத்தனை லலிதாக்கள் அந்த வருடங்களில் அடுப்படியோடு நின்றுவிட்டார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

காந்திகிராமம் – இரண்டாவது வாய்ப்பு

அத்தகைய பெண்களுக்கு, உறவினர் தயவு இல்லாமல் ஒரு நிறுவனத்தின் மூலம் வழி செய்ய முடியுமா? திண்டுக்கல் வட்டாரத்தில் இதை முயன்று பார்த்தவர் டாக்டர் டி.எஸ்.சவுந்தரம்.

டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகளான சவுந்தரத்துக்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. இளமையிலேயே கணவரை இழந்தார். அதன் பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962-ல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

சவுந்தரம் பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டவர் அல்ல. ஆனால் வாழ்க்கை பாதியில் அறுந்த பெண் மறுபடி தொடங்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பிரதிநிதியாகவும் இருந்தார். கிராமப் பெண்களைக் கிராம சேவிகைகளாகப் பயிற்றுவிப்பது அந்த அறக்கட்டளையின் முக்கியப் பணி. காந்திகிராமம் வளர்ந்தபோது மருத்துவமனை, சுகாதார ஊழியர் பயிற்சி, பள்ளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இல்லம் என்று எல்லாம் ஒரே வளாகத்தைச் சுற்றி அமைந்தன.

இதே சிந்தனை நாடு முழுவதும் ஒரு திட்டமாக வந்தது 1958-ல். மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக், வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் பல வருடப் பாடத்தை இரண்டே வருடத்தில் முடித்துத் தேர்வு எழுதலாம். அதன் மூலம் ஆசிரியை, செவிலியர், கிராம சேவிகை வேலைகளுக்குப் போகலாம். துர்காபாய்க்கும் எட்டு வயதில் திருமணம் நடந்தது. பின்னர் அந்த மண வாழ்வை ஏற்காமல் படிப்பைத் தொடர்ந்து, சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். முப்பது வயதில் மறுபடி சிலேட்டைத் தூக்குவது எவ்வளவு கடினம் என்பது இந்த இருவருக்கும் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல.

பிள்ளை வளர்த்ததே தகுதி

1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆரம்பித்த இடம் மதுரை மாவட்டம். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985-ல். இந்தத் திட்டத்துக்கு ஊருக்கு ஒரு பெண் ஊழியர் தேவைப்பட்டார். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அதே ஊரில் வசிக்கும், வறுமையிலும் தன் குழந்தையை நோய்நொடி இல்லாமல் வளர்த்த தாய்க்கு முன்னுரிமை கொடுத்தார்கள்!

வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் "இந்த அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் "பிள்ளை வளர்த்தேன்" என்பது தயங்கிச் சொல்லும் பதில். இங்கே அதுதான் அனுபவச் சான்றிதழ்.

1982 ஜூலை 1-ம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயது முதலான குழந்தைகளுக்குக் குழந்தைகள் மையத்தில், அதாவது மக்கள் வாயில் பால்வாடியில், மதிய உணவு கிடைத்தது. அமைப்பாளர், சமையலர், ஆயா என்று ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஒரு பால்வாடி இரண்டு வகையில் பெண்களை வேலைக்கு அனுப்பியது. உள்ளே சிலருக்கு அதுவே வேலை. வெளியே பலருக்குப் பிள்ளையை விட்டுப் போக ஓர் இடம்.

ஆனால் இங்கும் பழைய ஏற்பாடு வேறு உருவத்தில் வந்தது. ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இந்தப் பெண்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது சொற்ப மதிப்பூதியம். முறையான சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டு அவர்களின் சங்கங்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகின்றன. மற்ற தாய்மார்கள் திரும்பிப் போக வழி செய்த வேலைக்கு மலிவான விலையே வைக்கப்பட்டது.

திருமணத்தோடு முடியும் ஆலை வேலை

திண்டுக்கல் சமவெளியின் இன்றைய கதை நூற்பாலைகளில்தான் இருக்கிறது. 1990-களுக்குப் பிறகு தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல்லிலும் ஒரு புதிய முறை பரவியது. மணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். அது கல்யாணச் செலவுக்கு. பெயரே "சுமங்கலித் திட்டம்"!

இளவயதினரை வேலைக்கு வைத்தது, விடுதியை விட்டு வெளியே விடாதது, மூன்றாண்டு முடியும் முன் நின்றால் பணம் இல்லை என்றது ஆகியவை பற்றிப் பல புகார்களும் ஆய்வுகளும் வெளிவந்து, நீதிமன்றம் வரை போயின. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அந்தப் பெயரிலேயே, பெண்ணின் ஆலை வாழ்க்கை தாலியோடு முடியும் என்ற முடிவு இருந்தது. முந்தைய தலைமுறை அதிகாரிகளின் நியமன ஆணையில் இருந்த திருமணத் தடை, இங்கே பரிசுத் தொகையாக மாறுவேடத்தில் வந்தது. மூன்றாண்டில் போய்விடுகிறவளுக்கு மகப்பேறு விடுப்பும் வேண்டாம், காப்பகமும் வேண்டாம், பணி மூப்பும் வேண்டாம்.

அவள் போய்விட்டாளா என்றால், இல்லை. குழந்தைகள் ஓரளவு வளர்ந்ததும் பல பெண்கள் மில் வேன் ஏறித் திரும்புகிறார்கள். ஆனால் பழைய அனுபவம் கணக்கில் சேர்வதில்லை. புதிதாகச் சேர்ந்தவளுக்கான தினக்கூலியில்தான் மறுபடி தொடக்கம். "கரியர் பிரேக்" என்ற சொல் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். இடைவெளிக்கு முன்னும் பின்னும் இருப்பது ஒரே தொழில் வாழ்க்கையாக எண்ணப்படுவதில்லை.

இரவு ஷிப்ட் இன்னொரு சிக்கல். 1948-ம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு இரவு வேலையைத் தடை செய்திருந்தது. நூற்பாலைப் பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் 2000-ம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. சமத்துவம் என்ற வகையில் அது முன்னேற்றம். ஆனால் இரவில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

ஆலை தவிர மற்றொரு வழி 2006 பிப்ரவரியில் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் தமிழகத்தில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் வேலைத்தளத்துக்கு வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. தமிழகத்தில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கான சட்டம். அகரம் போன்ற பேரூராட்சிகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

மாதச் சம்பளக்காரர்களுக்குத் திறந்த வழி

இதே காலத்தில் படித்த, மாதச் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு வழிகள் வேகமாகத் திறந்தன.

• மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-ல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்காக ஆய்வை நிறுத்தியவர்கள் திரும்ப வர உதவித்தொகை கொடுத்தது. பிரிட்டனில் இயற்பியலாளர் டாஃப்னி ஜாக்சன் 1985-ல் இதே நோக்கத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார்.

• மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008 செப்டம்பர் முதல் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு கிடைத்தது. பெறுவதற்கு மட்டும் அல்ல, வளர்ப்பதற்கும் விடுப்பு உண்டு என்று பெரிய அளவில் ஒப்புக்கொண்டது இதுவே.

• தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011-ல் 6 மாதம், 2016-ல் 9 மாதம், 2021-ல் 12 மாதம் என்று உயர்ந்தது.

• 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரம் ஆனது. ஐம்பது அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம் ஆனது. இந்த முறை ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து எண்ணியதால் பழைய ஓட்டை அடைபட்டது. 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்தன.

• 2024 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்குப் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் வசிக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகள் பணி வழங்கப்படும் என்று அறிவித்தார்.

கடைசி அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். காவலர் திரும்பி வர வேண்டுமானால் பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இருக்க வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. லலிதாவின் காலத்தில் குடும்பம் தானாகச் செய்ததை இன்று பணியிட ஆணை செய்து தருகிறது. நல்ல ஆணைதான். ஆனால் தொட்டிலை ஆட்டப் போகிறவர் அந்தப் பாட்டி. அவருக்கு அதில் சம்பளம் எதுவும் கிடையாது.

நடுவில் ஒன்றரை வருடம்

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டப்படியான விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். தமிழக அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குக் குழந்தையைச் சேர்ப்பது இரண்டு வயது ஆன பிறகு. இடையில் இருப்பது ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடம் குழந்தை எங்கே இருக்கும்? ஐம்பது பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்தால் காப்பகம் கட்டாயம் இல்லை. இரண்டு வயதுக்குப் பிறகும் அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும். மில் ஷிப்ட் அதற்காக முடியாது.

இதை முன்பே சொன்னவர்கள் உண்டு. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கையை 1972-ல் அளித்தவர் மீனா சுவாமிநாதன். குழந்தையின் வளர்ச்சியையும் உழைக்கும் தாயின் தேவையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் சத்துணவையும் தடுப்பூசியையும் கொண்டுவந்தது. முழுநாள் காப்பகம் மட்டும் பின்தங்கிவிட்டது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் "பால்னா" திட்டம் 2022-ல்தான் வந்தது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். வேலைக்குத் திரும்பும் பெண் இந்த 299 நிமிடத்தையும் முதுகில் சுமந்துகொண்டுதான் திரும்புகிறாள்.

வீட்டில் செய்த வேலைக்கும் மதிப்பு உண்டு என்ற எண்ணம் மெல்ல வருகிறது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, அதை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டார்கள்.

முடிவுரை

அகரத்தில் ஒரே தெருவில் இரண்டு பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை, மற்றவர் மில் தொழிலாளி. இருவருக்கும் ஒரே மாதத்தில் குழந்தை பிறக்கிறது. ஆசிரியை ஒரு வருடம் விடுப்பு எடுத்து, அதே பதவிக்கு, அதே பணி மூப்போடு திரும்புவார். மற்றவர் நின்றுவிடுவார். மூன்று நான்கு வருடம் கழித்துப் புதியவராக மறுபடி சேர்வார். இருவரும் செய்தது ஒரே பிள்ளை வளர்ப்புதான்.

1934-ல் இருந்து இன்று வரை சட்டம் நீண்ட தூரம் வந்திருக்கிறது. திருமணத் தடை போய்விட்டது, வாரங்கள் பெருகிவிட்டன. இனி வாரங்களை மட்டும் நீட்டிக்கொண்டு போவதால் மில் வேனுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குப் பெரிய பலன் இல்லை. ஆறு மாதக் குழந்தையை ஷிப்ட் முடியும் வரை வைத்துக்கொள்ளும் ஒரு காப்பகம், அதில் வேலை செய்யும் ஆயாவுக்கு ஒழுங்கான சம்பளம், முன்பு செய்த வேலையின் அனுபவத்துக்குக் கூலியில் ஒரு மதிப்பு ஆகிய மூன்றும் அகரத்துக்கு வந்தால், "நின்னுட்டா" என்பதற்குப் பதில் "லீவுல இருக்கா" என்று அந்தத் தெருவிலும் சொல்வார்கள்.